மூன்றாவது புள்ளி

அத்தியாயம் 9

போலீஸ்காரர் போனில் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"கெங்கம்மான்றது யாரும்மா?"

"நாந்தாங்க."

"உம் பசங்கள்ல யாரு கையிலனா உம் பேரு பச்சை குத்திக்கீதா?"

"ரெண்டு பேரு கையிலயும் கீது சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எண்ணூர் பக்கம் ஒரு பாடி ஒதுங்கிக்கீது. வூட்டுக்காரர இட்டுகினு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு தபா பாத்துட்டுப் போ," என்றார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. திருவொற்றியூர் குப்பத்துக் கோதண்டத்துக்கும் கெங்கம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மணி, அவன் பெண்டாட்டி சௌமியா. இளையவன் திலீப். அவனுக்கும் வியாசர்பாடி ஜோதிகாவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அண்ணனும் தம்பியும் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் வீட்டு ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். மறுநாள் படகின் முன்பாதி மட்டும் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. ஏதோ கப்பல் இடித்துவிட்டுப் போயிருக்கும் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். இடித்த கப்பலுக்கு அது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இன்றோடு பதினோரு நாள்.

கோதண்டம் அந்தப் பதினோரு நாளும் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் மேட்டில்தான் உட்கார்ந்திருந்தார். கெங்கம்மா போய்த் தோளைத் தொட்டதும் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவர், மார்ச்சுவரி வாசலைப் பார்த்ததும் வேப்பமரத்தடியில் அப்படியே குந்திவிட்டார்.

"நா வரல கெங்கா. நீ பாத்துட்டு வந்து சொல்லு. நீ இன்னா சொன்னாலும் நம்பிக்கிறேன்."

நாற்பது வருஷம் புயலிலும் மழையிலும் கடலுக்குப் போன மனுஷர். நாலு படி ஏற முடியவில்லை. கெங்கம்மா அவரைத் திட்டவில்லை. இந்த உலகத்தில் சில இடங்களுக்குப் பெற்றவள்தான் போகவேண்டியிருக்கிறது.

உள்ளே இருந்த ஊழியர் பேர் ராமதாஸ். வயசானவர். அதிகம் பேசாதவர்.

"மொகம் வேணாம்மா," என்றார். "கைய மட்டும் பாரு. போதும்."

வெள்ளைத் துணியை ஒரு பக்கமாக மட்டும் விலக்கினார். வலது கை. தோளுக்குக் கொஞ்சம் கீழே, பச்சையில், அவள் பேர்.

கெங்கம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததும் சின்னதாக ஒரு பெருமை வரும். இன்றைக்கும் தேடாமலே கண்ணில் பட்டது.

"இத்தினி நாளு தண்ணில கெடந்தா மேல்தோலு உரிஞ்சிரும்," என்றார் ராமதாஸ், மெதுவாக. "பச்சை உள்தோல்ல கீது. அது போவாது. புதுசாட்டம்கூடத் தெரியும்."

பின்னால் நின்ற போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். "உம் புள்ளைதானே?"

"எம் புள்ளைதான்."

"பெரியவனா? சின்னவனா?"

கெங்கம்மா அந்தக் கையை இன்னொரு தடவை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே உடம்பு. குப்பத்து ஆட்களே பின்னாலிருந்து பார்த்தால் மணியைத் திலீப்பென்று கூப்பிடுவார்கள்.

"தெரியல சார்."

"விரல் ரேகை எடுக்க வழியில்லம்மா, பாத்தியா. உன் ரத்தத்த எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா உம் புள்ளைன்னு சொல்லும். எந்தப் புள்ளைன்னு சொல்லாது. ரெண்டும் நீ பெத்ததுதானே. அவங்க தனித்தனியா வச்சிருந்த பொருளு எதுனா கொண்டாந்து குடு, பாக்கலாம். மாசக்கணக்குல ஆவும்." அவர் பேனாவை மூடினார். "ஆளுக்கு ஆளு அவன் பேரக் குத்தியிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

அவர் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை கெங்கம்மாவை அங்கேயே நிற்கவைத்து அறைந்தது.

கடலுக்குப் போகிற பிள்ளைக்குக் கையில் பேர் குத்திவிடுவது அந்தக் குப்பத்துத் தாய்மார்களின் வழக்கம். அழகுக்கு இல்லை. கடல் எடுத்ததை என்றைக்காவது திருப்பிக் கொடுத்தால், எந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

மணிக்குப் பதினொன்று, திலீப்புக்கு ஒன்பது வயசு. மாசித் திருவிழா. தேரடியில் பச்சை குத்த உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"பேரு இன்னா தாயி?"

"கெங்கம்மா."

"உன் பேரில்ல. புள்ளைங்க பேரு. அத்தானே எல்லாரும் குத்திக்கிறது?"

"எம் பேரத்தான் குத்து, ரெண்டு பேருக்கும். நாளைக்கு எவளோ ஒருத்தி வருவா இல்ல? எம் பேரப் பாத்துட்டுத்தான் அவ கிட்ட வரணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் கெங்கம்மாதான். பேர் குத்தி முடித்ததும் கண்ணேறு படாமலிருக்க அடியில் மூன்று புள்ளி வைப்பது அந்தப் பெண்ணின் வழக்கம். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் மூன்றாவது புள்ளி வைப்பதற்குள் கையை உதறிக்கொண்டு கூட்டத்தில் ஓடிப்போய்விட்டான். பலூன்காரன் பக்கத்தில் பிடித்து முதுகில் ஒன்று வைத்தாள்.

ஓடியது எவன்?

மார்ச்சுவரியில் அவள் பார்த்த கையில் பேருக்கு அடியில் இரண்டு புள்ளிதான் இருந்தது. அதை அவள் போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, ஓடியவன் மணி என்று ஒரு தடவை நினைவு வந்தது. இல்லை, திலீப்தான், கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான் என்று இன்னொரு தடவை வந்தது. பதினேழு வருஷமாக ஒரு நாளும் குனிந்து எண்ணிப் பார்க்காத புள்ளி. பெற்றவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் சொல்கிறது. ஊர் எத்தனையோ சொல்லும்.

வெளியே வந்து கோதண்டத்திடம், "நம்ம புள்ளதான்," என்றாள். அவர் எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. கேட்காததற்காக அவள் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சௌமியா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜோதிகா சுவரில் சாய்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். இந்தப் பதினோரு நாளில் அந்த இரண்டு பெண்களும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்து, தலை வாரிவிட்டு, மாறி மாறித் தேற்றிக்கொண்டு. இனிமேல் அது முடியாது என்பது கெங்கம்மாவுக்கு வாசலிலேயே தெரிந்தது.

"எம் பேரு கீதும்மா," என்றாள். "அவ்ளோதான் தெரியுது. யாருன்னு தெரியல."

முதலில் வாயைத் திறந்தவள் ஜோதிகா.

"உங்க பேரு தெரியுதா அத்தே? நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ அது அவுரு இல்ல."

சௌமியா திரும்பிப் பார்த்தாள்.

"அவுரு அத்த அழிச்சிட்டாரு அத்தே. கடலுக்குப் போறதுக்கு மொத நாளு சாயந்தரம். பழைய பேரு மேல வஞ்சிர மீனு மாதிரி போட்டு, அடியில எம் பேரு. கையில பிளாஸ்டிக்கு சுத்திகினு வந்தாரு. நா பாக்கப் போனேன், பாக்க உடல. 'ஒரு வாரம் பிரிக்கக் கூடாது, அப்பால பாத்துக்க'ன்னாரு. உப்புத் தண்ணி படக்கூடாதே, கடலுக்குப் போறீங்களேன்னு கேட்டேன். பிளாஸ்டிக்கு கீதுல்ல, விடுன்னாரு." மூச்சு வாங்கினாள். "அது பழைய பேருன்னா அவுரு இல்ல. அவுரா இருக்க முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் எதிரில் எதைச் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அக்கா... நா அப்டிச் சொல்லல அக்கா. சத்தியமா நா அப்டி நெனச்சு சொல்லல."

சௌமியா மறுபடியும் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பொறுக்கிய அரிசியையே திரும்பப் பொறுக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி எந்த நேரத்தில் வந்து நின்றாளோ, "ஐயோ எம்மாடி சௌமி, உன் தலையிலயா எழுதினான்!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சௌமியா அந்தப் பிடியில் கட்டை மாதிரி இருந்தாள்.

கெங்கம்மா யாருக்கும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவள் இடுப்புச் சுருக்குப் பையில் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. அது அங்கே வந்து பதினைந்து நாளாகிறது. அதை இதுவரை எந்த வாரத்திலும் உங்களுக்கும் சொல்லவில்லை. அவள் சொல்லவிடவில்லை.

"உங்க கையில உங்கம்மா பேருதான் கீது. எம் பேரு எங்க?" என்று ஜோதிகா புருஷனிடம் கொஞ்சியதை ஒரு நாள் கெங்கம்மா கேட்டாள். புதுப் பெண்டாட்டி கேட்கிற கேள்விதான். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. சில நாள் கழித்துத் திலீப்பின் சட்டையைத் துவைக்கும்போது பையில் அந்தக் கார்டு அகப்பட்டது. ஷேர் ஆட்டோக்காரரிடம் காட்டி, படிக்கச் சொல்லி, காலடிப்பேட்டையில் அந்தப் பச்சை குத்துகிற கடை வாசலில் போய் இறங்கினாள். எல்லாம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல்.

இன்றைக்கும் அதே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. ஏறி உட்கார்ந்தவுடன் அவள் சாமியைக் கும்பிட நினைத்தாள். என்னவென்று கும்பிடுவது? அந்தக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்காமல் என் பேரை அழித்திருக்கவேண்டும் என்றா? அப்படியானால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் மணி. தலைச்சன் பிள்ளை. அவன் செத்திருக்கட்டும் என்றா பெற்றவள் வேண்டிக்கொள்வது? ஆட்டோ தேரடி தாண்டுகிறவரைக்கும் அவள் கையைக் கூப்பவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கடைக்காரர் ஜீஷானுக்கு முப்பது வயசிருக்கும். ராயபுரத்துப் பையன். கை முழுக்கப் பூவும் கொடியும். ஆனால் தொழிலில் கறார். கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். முன்னே வந்தபோது அவரே படித்துக் காட்டியது: 'அவசரத்தில் குத்தாதே. அழுதுகொண்டு அழிக்காதே.'

பேர் குத்திக்கொள்ள வருகிறவர்களை அவர் உடனே உட்காரவைக்க மாட்டார். தோலில் மையால் வரைந்து அனுப்புவார். மை பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய்விடும். அதற்குப் பிறகும் வேண்டுமென்று வந்தால்தான் ஊசி. "குத்திக்க ஒரு நாளு வருவாங்கோ. அழிக்க ஆறு மாசம் நடப்பாங்கோ. காதலு போயிடும், பேரு நிக்கும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். குறை சொல்ல முடியாது.

கெங்கம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"வாம்மா. பேப்பர்ல பாத்தேன். நீங்கதானான்னு தெரியல. குந்தும்மா."

கெங்கம்மா உட்காரவில்லை. "எம் புள்ள உங்கிட்ட மறுபடி வந்தானா?"

"வந்தான். நீ வந்துட்டுப் போன ரெண்டாம் நாளு."

"குத்துனியா?"

ஜீஷான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ வந்து அழுதியேம்மா. 'ஊசி பட்டா மூணு வாரம் கடலுக்குப் போவ முடியாது, நல்ல சீசன்ல வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவான், இப்ப குத்தாத'ன்னு என் காலப் புடிக்கப் போனியே. அதான் குத்தல."

"கையில பிளாஸ்டிக்கு சுத்திகினு வந்தானாமே?"

"அன்னைக்கு ஊசி போடவேண்டிய நாளும்மா. மொத தபா மையில வரஞ்சு பதினஞ்சு நாளு முடிஞ்சுபோச்சு. அவன் மனசு மாறல. ஆசையா வந்தான். நாந்தான் மிஷினு ரிப்பேருன்னு ஒரு பொய்யச் சொன்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு பாவம். 'பொண்டாட்டிகிட்ட இன்னைக்குக் காட்றேன்னு சொல்லிட்டேன் பாய், வெறுங்கையோட எப்டிப் போறது'ன்னான். சரின்னு மையாலயே நல்லா வரஞ்சு, கலையாம இருக்க பிளாஸ்டிக்கு சுத்தி அனுப்பினேன். ஒரு வாரத்துல வா, நெசமாவே குத்திடலாம்னேன்." மேஜைமேல் இருந்த மைப் புட்டியைத் தள்ளி வைத்தார். "அந்த மை ரெண்டு நாளு உப்புத் தண்ணி தாங்காதும்மா."

கெங்கம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

அப்படியானால் அடியில் அவள் பேர்தான். இரண்டு பேருக்கும் அவள் பேர்தான். காலையில் இருந்த இடத்துக்கே வந்து நின்றாள். ஜோதிகாவின் நம்பிக்கை மையோடு கரைந்துபோயிற்று.

"உங்கிட்ட அவன் கை போட்டோ கீதா?" என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று கேட்டவுடனே இருந்தது.

வரைவதற்கு முன்னால் பழைய பச்சையைப் படம் எடுத்துக்கொள்வது ஜீஷானின் வழக்கம். எதை மறைக்கவேண்டும், எவ்வளவு தூரம் மறைக்கவேண்டும் என்று பார்க்க. போனில் தேடி எடுத்து, விரலால் பெரிசாக்கி அவள் முகத்துக்கு எதிரில் பிடித்தார்.

உயிரோடு இருக்கிற கை. வெயிலில் கறுத்த கை. பக்கத்தில் திலீப்பின் முகவாய் கொஞ்சம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

'கெங்கம்மா' என்ற பேர், அடியில் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

அவள் சுட்டு விரலால் தொட்டு எண்ணினாள். தொட்டதும் படம் நகர்ந்தது. ஜீஷான் சரிசெய்து கொடுத்தார். மறுபடி எண்ணினாள். மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது. கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடியவன் சின்னவன்தான். இப்போது நன்றாக நினைவு வந்தது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"பாய், அன்னைக்கு நீ ஊசி போட்டிருந்தா அவன் மறுநாளு கடலுக்குப் போயிருப்பானா?"

ஜீஷான் போனை அணைத்துக் கீழே வைத்தார். பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. புதுசாகக் குத்தின கையை உப்புத் தண்ணீரில் நனைத்தால் சீழ் பிடிக்கும் என்று அவர்தான் இவளிடம் சொன்னார். அந்த மூன்று வாரத்தைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு அழுதவள் இவள்தான். சீசனாவது, வருமானமாவது! அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் மகன் கையில் தன் பேர் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான். இருந்தது. இன்றைக்குக் காலையில்கூடப் பளிச்சென்று இருந்தது.

"நீ பாவம் பண்ணலப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். 'தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்' என்பார்கள். இவள் வினை இவளைச் சுட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

வீடு வந்தபோது பொழுது சாயவில்லை. புஷ்பவல்லி போயிருந்தாள். கோதண்டம் வாசலில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜோதிகா பதினோரு நாளில் முதல் தடவையாகத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தின்னவில்லை, பிசைந்துகொண்டிருந்தாள். இருந்தாலும் தட்டு போட்டிருந்தாள். கெங்கம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பின்கட்டுக்குப் போனாள்.

சௌமியா பின்கட்டில் துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள். மணியின் சட்டை ஒன்று நனைந்துகிடந்தது. மாமியாரைக் கண்டதும் பக்கத்தில் வந்து, காதருகில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அத்தே, ஒண்ணு கேட்டா பொய் சொல்லாம சொல்வீங்களா?"

"கேளும்மா."

"பேருக்கு அடியில புள்ளி இருந்துச்சே. எத்தினி?"

கெங்கம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷம் அந்தக் கையில் தலைவைத்துப் படுத்தவள். பெற்றவள் எண்ணாததை அவள் எண்ணியிருக்கிறாள்.

மூணு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே இருக்கிற பெண் நாலு வாய் சோறு தின்பாள். கடைக்குப் போனது, காலைப் பிடித்தது, எல்லாம் சுருக்குப் பைக்குள்ளேயே கிடக்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம் கெங்கம்மா அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

"ரெண்டும்மா," என்றாள்.

சௌமியாவின் தோள்கள் தளர்ந்தன. "அவுருக்கு மூணு அத்தே. மூணு கீது," என்று சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. வந்ததை அவளே உணர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா புள்ளி?"

ஜோதிகா கதவருகில் நின்றிருந்தாள், சோற்றுக் கையோடு.

"எதுக்கு அத்தே புள்ளிக் கணக்கு? அவுருதான் எல்லாத்தையும் மறைச்சுட்டாரே."

"மறைக்கலடி ஜோதி. அது வெறும் மை. மிஷினு ரிப்பேருன்னு சொல்லி மையாலதான் வரஞ்சு அனுப்பிக்கீறாரு அந்த ஜீஷான் பாய். இப்பதான் போயி கேட்டுகினு வந்தேன். போட்டோ காட்டினாரு. திலீபு கையிலதான் ரெண்டு புள்ளி."

ஜோதிகா அழுவாள் என்று கெங்கம்மா நினைத்தாள். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"அந்தக் கடை எதுன்னு நா உங்களுக்குச் சொன்னதே இல்லியே அத்தே."

கெங்கம்மாவின் கை இடுப்புச் சுருக்குப் பைமேல் போயிற்று.

"எப்டித் தெரியும்? அவுரும் சொல்லியிருக்க மாட்டாரே. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிகினு இருந்தோம்?"

கெங்கம்மா சுருக்குப் பையை அவிழ்த்தாள். கசங்கிப்போன கார்டை எடுத்து நீட்டினாள். ஜோதிகா அதை இடது கையால் வாங்கிப் பார்த்தாள்.

"இத்தக் காணோம்னு அவுரு வூட்டையே பொரட்டிப்போட்டாரு."

"நாந்தான் எடுத்தேன். அப்பவே போனேன். எம் பேர அழிக்காதேன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுகினு, கடலுக்குப் போவ முடியாதுன்னு சொல்லி அழுதேன். அவரு எம் பேச்சக் கேட்டுட்டாரு."

இவ்வளவுதான். பதினைந்து நாளாகச் சுமந்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ஜோதிகா நிதானமாகக் குழாயடிக்குப் போய் சோற்றுக் கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் போய் நின்றாள்.

"மாமா, என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கோ. நா அவுரப் பாக்கணும்."

"நானும் வரேன்டி," என்று கெங்கம்மா பின்னாலேயே ஓடினாள்.

ஜோதிகா திரும்பினாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீங்க வராதீங்க அத்தே. உங்க பேருதான் அங்க கீதே. போதும்."

கோதண்டம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து, மருமகளுக்கு முன்னால் நடந்தார். காலையில் ஏற முடியாத படியை அவர் இப்போது ஏறித்தான் ஆகவேண்டும்.

அவர்கள் முனை திரும்பி மறையும்வரை கெங்கம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமோ. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவளை உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தது. சௌமியா. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் முன்னால் வந்த வெளிச்சம் அவள் முகத்தில் இப்போது துளிகூட இல்லை. அவள் புருஷனும் அதே படகில்தான் போனான். அதே கடல்தான். இன்றோடு அவனுக்கும் பதினோரு நாள்.

"மூணு அத்தே," என்றாள் சௌமியா, தாழ்ந்த குரலில். "மறந்துடாதீங்க. போலீசு மறுபடி போன் பண்ணா, அவுருக்கு மூணுன்னு சொல்லுங்க."

கெங்கம்மா தலையை ஆட்டினாள். போன் இரண்டு பேருக்கும் நடுவில் பாயின்மேல் கிடந்தது.